சிவப்பு மையில் நீ அடித்த இரண்டு வரிகள்

புனே பட்டணத்தில் மின்விசிறிக்குக் கீழே, சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, உலகத்து இயந்திரங்களுக்கெல்லாம் அடக்க விலை போட்டுக்கொண்டிருக்கும் என் மகனுக்கு, திருப்பூரில் அவிநாசி ரோட்டுச் சந்து ஒன்றில் மூன்று லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு வெல்டிங் செட், எண்ணிக்கையில் அடங்காத எலிகள் ஆகிய அனைத்தையும் தனிச் செங்கோல் செலுத்தி ஆளும் உன் அப்பன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் அம்மா என்னைவிடச் சௌக்கியம். பட்டறை எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம். ஊருக்கே நான் மாமா. பட்டறை ஆட்கள், டீக்கடைக்காரர், கரண்ட் பில் கொண்டு வருகிறவர் எல்லோருக்கும் மாமா. உலகத்தில் என்னை அப்பா என்று கூப்பிடும் ஒரே ஜீவன் நீ. அந்த உரிமையில் இதை நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் கவர் கிடைத்தது கண்ணு. தை மாதம் வேலையை விட்டுவிட்டு வந்து பட்டறையை எடுத்துக்கொள்கிறேன் என்றாய். சாவியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வருவதற்கு முன்னால் ஒரு மெஷின் செய்ய ஆள் கூலி எவ்வளவு ஆயிற்று என்று பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து வருஷவாரியாகக் கேட்டாய். மூன்று நாள் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி உருகும் அளவுக்கு யோசித்து எழுதி அனுப்பினேன். அதில் இரண்டு வரிகளைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். ஒன்று, 'கார்டு கூலி, இரண்டு நாள்'. இன்னொன்று, 'மரியதாஸ், முழுப் பங்கு'. ஓரத்தில் உன் அழகான கையெழுத்து: 'வாங்குகிறவர்களே கழற்றி மூலையில் போடும் பாதுகாப்பு வலையான கார்டுக்கு நாம் ஏன் கூலி கொடுக்க வேண்டும்? குடித்துவிட்டு மெஷினில் கையை விட்டவருக்கு இத்தனை வருஷமாக முழுப் பங்கு எதற்கு? இரண்டையும் எடுத்துவிட்டால் கூலிச் செலவு கணிசமாக இறங்கிவிடும்.' உன் கணக்கு சரி, ஒரு பைசா பிசகவில்லை. ஆனால் அந்தக் 'குடித்துவிட்டு' என்ற வார்த்தை உன்னுடையது இல்லை, என்னுடையது. சின்ன வயதில் என் வாயிலிருந்து நீ கேட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை; ஒரு நகலைப் பட்டறைச் சுவரில், ஆயுத பூஜைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். அங்கே சொன்ன பொய்யை அங்கேயேதான் திரும்ப எடுக்க வேண்டும்.

முதலில் அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். நம் பட்டறையில் இரண்டே மெஷின்கள் செய்கிறோம். சாயம் போட்ட ஈரத் துணியைச் சுற்றிப் பிழியும் டிரம், அது ஹைட்ரோ. பனியன் துணியை ஆவி காட்டி, இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டதுபோல வெளியே தள்ளுவது காலண்டர். பட்டறை ஆரம்பித்தபோது, நீ ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு காலண்டருக்கு ஆகும் செலவில் இரும்புக்கு மூன்று பங்கு போகும், கூலிக்கு ஒரு பங்கு. இன்றைக்கு இரும்பும் கூலியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. பட்டியலில் அது மாடிப்படி மாதிரி தெரியும், வருஷத்துக்கு ஒரு படி. ஆனால் எந்தப் படியும் தானாக ஏறவில்லை கண்ணு. ஒவ்வொரு படிக்கும் அடியில் ஒரு அடிதடி இருக்கிறது. சில படிகளில் என் பல் கிடக்கிறது. ஒரு படியில் ஒரு கை கிடக்கிறது.

நம்மிடம் மெஷினைப் பொருத்தும் பிட்டர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, மெஷின் கூலிதான். ஒரு மெஷினுக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசி முடிக்க வேண்டியது. அவருடைய செட்டில் ஐந்து பேர். மெஷின் முடிந்ததும் ஐந்து பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். அந்த மேஸ்திரிதான் மரியதாஸ். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு மரப்பெட்டியும் ஒரு பைபிளும் நாலு அரமுமாக வந்து இறங்கினார். அவர் அரம் போட்டு முடித்த இரும்பில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடியும். அவர் பொருத்திய உருளைகளுக்கு நடுவே சிகரெட் தாளை விட்டால், பிராண்டு பெயர் இஸ்திரியாகி வரும். முதல் காலண்டருக்கு அவர் பங்காக நான் கொடுத்த கூலியில் ஒரு சைக்கிள் வாங்கினார். அதில் ஏறித்தான் சோமனூர் வரை போய் விசைத்தறிக்காரர்களின் மெஷினைப் பார்த்துவிட்டு, 'இதையெல்லாம் மெஷின்னு சொன்னா நம்மத என்னன்னு சொல்லுவாவ?' என்று திரும்பி வருவார். அவருக்கும் எனக்கும் ஒரே வயது, அப்போது ஒரே திமிர்; அவருக்கு மட்டும் நான் மாமா இல்லை, முதலாளி.

அப்புறம் வந்தது எக்ஸ்போர்ட் காலம். ஊரில் குப்பைத்தொட்டிக்குள் கை விட்டால்கூட ஒரு ஆர்டர் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பனியன் கம்பெனிகள் ஆள் பிடிக்கும் வேகத்தில், கோயில் சிலைகளை மட்டும்தான் விட்டுவைத்தார்கள். நம் டர்னர் பழனிச்சாமி, சேவூர்க்காரர், லேத்தில் கடைசல் வேலையில் சூரர், ஒரு நாள் என் முன்னால் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க மாமா, எங்கூட்டுல அவ செக்கிங்குக்குப் போறாளுங்க. ஓவர்டைமு சேத்து அவ கொண்டார்றது என்னுதைய விட சாஸ்தியா இருக்குதுங்க. நானும் அங்கயே போயிரலாம்னு பாக்கறனுங்க."

"போயி என்ன பண்ணுவீங்க? பனியனுக்குத் திருகுப் புரி வெட்டுவீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கூலியை ஏற்றினேன். மறு மாதம் பக்கத்துத் தெரு பட்டறைக்காரன் ஒருவன் டீ குடிக்க வந்த மாதிரி வந்து, பழனிச்சாமியின் காதுக்குள் ஒரு தொகையைச் சொன்னான். நான் சுத்தியலோடு அவனைத் துரத்தினேன். ஓடினவன் எங்கே நின்றான் என்று தெரியாது. தாராபுரத்தில் அமராவதி ஆற்றைத் தாண்டியும் அவன் வேட்டி மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அவனோ சும்மா ஓடவில்லை, ஒரு அரைச் செங்கல்லைத் திருப்பி விட்டெறிந்தான். என் முன் பற்களில் ஒன்று அன்றைக்குப் போனது. அந்த இடத்தில் தெரியும் தங்கப் பல்லைப் பார்த்து ஆடம்பரம் என்று நினைத்திருப்பாய். மறுநாள் பழனிச்சாமிக்கு அந்தத் தொகையையே கொடுத்தேன். பட்டியலில் அது ஒரு படி.

அடுத்த படி தீபாவளி போனஸ். நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ஆர்டர் கையில் நிறைய இருக்கிறது, போனஸைக் கூட்டிக் கொடுங்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் இரும்பு விலை, கரண்ட் விலை, உலக சமாதானம் எல்லாவற்றையும் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் என் கையையும் காலையும் பிடித்து அலாக்காகத் தூக்கினார்கள். புதிதாக முடித்து நின்ற ஹைட்ரோ டிரம்முக்குள் என்னைப் போட்டு, மூடியை இறக்கிவிட்டார்கள். டிரம்மின் துளைகள் வழியாகத்தான் உலகம் தெரிந்தது. பழனிச்சாமியின் விரல் சுவிட்சின்மேல் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க மாமா. போனஸ் குடுக்கறீங்களா, இல்ல ஒரு சுத்து பாத்தர்றீங்களா?"

"பழனிச்சாமி, உள்ள இருக்கறது உங்க முதலாளிங்க!"

"அதனாலதானுங்க கேட்டுப்போட்டுச் செய்யறோம்."

ஒரு விநாடி சுவிட்சைப் போட்டும் காட்டினார்கள். அந்த ஒரு விநாடியில் நான் பூமியை இரண்டு முறை சுற்றி வந்தேன். காலையில் சாப்பிட்ட இட்லி ஒன்று எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முழங்கை பிசகி, நெற்றி வெடித்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளிருந்து சம்மதித்தேன். மரியதாஸ் மட்டும் அந்தக் கலவரத்தில் கை வைக்கவில்லை. மூடியைத் திறந்து என்னைத் தூக்கி வெளியே விட்டவர் அவர்தான். "மெஷினுக்குள்ள ஆளப் போட்டு வெளையாடக்கூடாதுல," என்று அவர்களைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். பழனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாக்கியம் எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு உறைத்ததெல்லாம் அவமானம். டிரம்மில் போட்டு என்னைப் பிழிந்து வாங்கியதை நான் காலண்டரில் பிழிந்து திரும்ப வாங்குகிறேன் பார் என்று உள்ளுக்குள் சபதம் செய்துகொண்டேன். கூலி ஏறுவது ஒரு திருட்டு, திருடன் என் பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்து என் டீயைக் குடிக்கிறான் என்பதுதான் அன்றைக்கு என் புத்தி. எங்கே குறைக்கலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டது கார்டு. உருளைகளுக்கு முன்னால் ஒரு கம்பி வலை. அதற்குக் கீழே குறுக்காக ஒரு தட்டுக்கம்பி. கை அந்தக் கம்பியில் பட்டால் மோட்டார் நின்றுவிடும். கேட்க எளிது. கம்பி மயிரிழை முன்னால் இருந்தால் துணி பட்டே மெஷின் நின்று நின்று போகும். மயிரிழை உள்ளே இருந்தால் கை போன பிறகுதான் நிற்கும். அதைச் சரியாக நிறுத்த மரியதாஸுக்கு இரண்டு முழு நாள் ஆகும். அதுவரை அந்த வேலை மெஷின் கூலிக்குள்ளேயே அடங்கியிருந்தது. அந்த இரண்டு நாளை வெட்டினேன்.

"கார்டு இல்லாம மெஷினா?" என்றார் மரியதாஸ். "கதவு இல்லாம கக்கூஸ் கட்டுன மாதிரில்லா இருக்கும், முதலாளி."

"வாங்கறவங்க கேக்கலீங்க மேஸ்திரி. கேக்காததுக்கு நான் எதுக்குக் கூலி குடுக்கறது?"

"ஒங்க மெஷினு," என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் வென்றுவிட்டேன். உலகத்தையே வென்ற மன்னர்களுக்குக்கூட அப்படி ஒரு நெஞ்சு நிமிர்வு இருந்திருக்காது.

ஓட்டம் பார்க்கிற நாளுக்கு நம் பட்டறையில் ஒரு முறை உண்டு, உனக்கும் தெரியும். மெஷினைச் செய்த மேஸ்திரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். பழனிச்சாமி தேங்காய் உடைப்பார், மரியதாஸ் உருளைமேல் சாக்பீஸால் ஒரு சின்னச் சிலுவை போடுவார். முதல் துணியை மேஸ்திரியே தன் வலது கையால் உள்ளே விடுவார். துணி மறுபக்கம் வந்து விழுந்ததும், முதலாளி சுற்றிக்கொண்டு போய், வெற்றிலையில் வைத்து, மெஷின் கூலியை அவருடைய வலது கையில் கொடுக்க வேண்டும். கார்டு இல்லாத அந்த முதல் காலண்டருக்கும் அப்படித்தான் நாள் பார்த்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. மரியதாஸ் வெள்ளை நிறத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மணிக்கட்டில் பட்டன் போட்டுப் பளிச்சென்று இருந்தது.

உன் அப்பன் குறும்புக்காரன் என்று ஊரே சொல்லும். மானேஜர் டிபன் பாக்ஸில் தவளையைப் போட்டவன், மாமனார் ஊட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஒற்றைச் செருப்பை ஆணியடித்து வைத்தவன். அன்றைக்கும் எனக்குக் கை அரித்தது. துணி வெளியே வரும் பக்கம் நான் நின்றேன், உள்ளே விடும் பக்கம் அவர். நடுவே இரண்டு உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டிய கூலி நோட்டுகளை நான் நின்ற இடத்திலேயே எடுத்து, உருளைகளுக்கு மேலே நீட்டி, விசிறி மாதிரி ஆட்டினேன்.

"மேஸ்திரி, கூலி வேணுமுங்களா? குறுக்க கார்டுதான் இல்லையே, வழி தொறந்துதான் கிடக்குது. எட்டி வாங்கிக்குங்க!"

பட்டறையே சிரித்தது. மரியதாஸின் வலது கை துணியைப் பிடித்திருந்தது. இடது கையை நீட்டினார். நான் நோட்டைப் பின்னால் இழுத்தேன். "மேஸ்திரி, எடது கையில கூலி வாங்காதீங்க, ஆகாதுங்க!" என்று பழனிச்சாமி கத்தினார். மறுபடியும் சிரிப்பு. நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவர் நுனிக்காலில் எம்பி, உருளைக்கு மேலே உடம்பைச் சாய்த்து, இடது கையால் நோட்டை எட்டிப் பிடித்துவிட்டார். அவர் கண் நோட்டின்மேல் இருந்தது. சாய்ந்த உடம்போடு வலது கையும் முன்னால் போனது. சட்டையின் மணிக்கட்டுப் பட்டன் துணியோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

இந்த இடத்தில் நான் எதையும் பெருக்கவில்லை கண்ணு. விரல்கள் போனது சத்தமில்லாமல். மணிக்கட்டுதான் சத்தம் போட்டது. சுவிட்சு அவர் பக்கம், நான் மறுபக்கம். நான் சுற்றிக்கொண்டு ஓடினேன், பன்னிரண்டு எட்டு தூரம். பழனிச்சாமி ஒரு கடப்பாரையை எடுத்து மோட்டார் பெல்ட்டுக்குள் சொருகினார். பெல்ட் அறுந்து சாட்டை மாதிரி வந்து என் தாடையைக் கிழித்தது. இந்தத் தழும்புக்கு நான் உனக்குச் சொன்ன ஏழு கதைகளும், அந்தச் சிறுத்தைக் கதை உட்பட, பொய். மோட்டார் நின்றது. உருளை நின்றது. ஆனால் அது சூடான உருளை. மேல் உருளையைத் தூக்கும் திருகு ஒரு சுற்றுக்கு ஒரு நூல்தான் ஏறும். துல்லியமாக இருக்க வேண்டும் என்று புரியை அத்தனை நெருக்கமாக வெட்டச் சொன்னவனும் நான்தான். நான் திருகிக்கொண்டே இருந்தேன். கறி வாசனை வந்துகொண்டே இருந்தது. மரியதாஸ் கத்தவில்லை, "மெல்ல, முதலாளி, மெல்ல," என்றார். ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். இடது கை இறுக மூடியிருந்தது. நர்ஸம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளே நான் ஆட்டிய நோட்டுகள் இருந்தன. முழுக் கூலி.

நாலாம் நாள் லேபர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கார்டு எங்கே என்று கேட்டார். நஷ்ட ஈடு, அபராதம், வழக்கு எல்லாம் என் கண்முன்னால் உருளை மாதிரி சுற்றின. "அவரு நம்மாளு இல்லீங்க, காண்ட்ராக்ட் ஆளுங்க. குடிச்சுப்போட்டு வந்து கைய விட்டுட்டாருங்க," என்றேன். ஆயுளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். நான் அதைச் சொன்னபோது பழனிச்சாமி லேத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு மறுபடியும் லேத்தைப் போட்டார். பட்டறையில் இருந்த எல்லோருடைய கூலியும் என் பையில் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நான் கொடுத்தேன். அதற்கே என்னைப் பெரிய வள்ளல் என்று நினைத்துக்கொண்டேன். ஊட்டில் நீ என்னாச்சு என்று கேட்டபோதும் அதே பொய்தான் வந்தது, இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்து.

ஆனால் பழனிச்சாமியின் சம்சாரம் வழியாக உன் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். கரண்டியை இடது கையில் பிடித்து எனக்குச் சோறு போட்டாள். குழம்பும் இடது கையால். இரண்டு மாதம், ஒரு வேளை தவறாமல். 'ஏம்மா அப்பாவுக்கு மட்டும் எடது கையில போடறீங்க?' என்று நீ கேட்டாய். 'வலது கை சுளுக்குக் கண்ணு,' என்றாள். உனக்கு வலது கையால் பிசைந்து ஊட்டிக்கொண்டே சொன்னாள். நான் சாப்பிட்டேன். டிரம், செங்கல், பெல்ட் எல்லாம் உடம்பில் பட்ட அடி. இது மட்டும் இன்றைக்கும் வலிக்கிறது.

அந்தக் காலண்டரை, 'ரத்தம் பாத்த மெஷின் எங்களுக்கு வேண்டாமுங்க' என்று வாங்க வந்தவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். தார்ப்பாயைப் போட்டு மூலையில் நிறுத்தியிருந்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை மரியதாஸ் வந்தார். பத்துப் பவுண்டுச் சம்மட்டியை இடது கையில் எடுத்தார். தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, காலண்டரின் பக்கச் சட்டத்தில் அடித்தார். வலது கைக்காரர், முதல் அடி சறுக்கி அவர் முழங்காலிலேயே பட்டது. இரண்டாவது இரும்பில் பட்டது. வார்ப்பிரும்பு விண்டு தெறித்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. எல்லோரும் லேத்தை நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் நடுவில் நின்றேன். ஒரு தெறிப்பு என் காதைச் சீவிக்கொண்டு போயிற்று, நகரவில்லை. அடுத்த அடி எனக்கு என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அது எனக்கே விழட்டும் என்றுகூட இருந்தது. பதினேழு அடி. எண்ணினேன். அவர் தன் கையால் அரம் போட்ட இரும்பு முழுவதையும் உடைத்துக் குவித்துவிட்டு, சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"புதுசாச் செய்யுதேன், முதலாளி," என்றார், மூச்சு வாங்க. "இனிமே எல்லா மெஷினுக்கும் கார்டு. அதுக்கு ரெண்டு நாள் கூலி. மெஷின் கூலிக்குள்ள ஒளிச்சு எழுதப்பிடாது. வரி தனியாத் தெரியணும்."

நான் தலையை ஆட்டினேன். என் பொய்யைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. முழுப் பங்கும் அவர் கேட்டதில்லை, நானாக எழுதினேன். நஷ்ட ஈடு என்று எழுதத் தைரியமில்லாமல் 'பங்கு' என்று எழுதினேன். நீ சிவப்பு மையில் அடித்திருக்கும் இரண்டு வரிகளின் பிறப்பு இதுதான்.

வாங்குகிறவர்கள் கார்டைக் கழற்றிப் போடுகிறார்கள் என்பது உண்மை, துணி வேகமாக ஓடும் என்று. அதனால்தான் மாதத்துக்கு இரண்டு நாள் மரியதாஸ் இடுப்பில் ஸ்பேனரைச் சொருகிக்கொண்டு நம் மெஷின் இருக்கும் இடங்களுக்கெல்லாம் போகிறார். போன வருஷம் ஒரு சாயப்பட்டறையில் நம் கார்டைக் கோழி கவிழ்க்கிற கூடையாக வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு சேவல் ராஜா மாதிரி உலாத்திக்கொண்டிருந்தது. இவர் சேவலைத் துரத்திவிட்டு கார்டைத் தூக்க, அங்கிருந்த தடியன் ஒருவன் இவரைப் பிடித்துத் தள்ள, இவர் மொட்டைக் கையை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தி, "இதத் தொட்டுப் பாருல. இது இந்த மெஷின்ல போன கை. ஒனக்கும் ஒண்ணு வேணுமா?" என்று கேட்டாராம். தடியனே ஸ்பேனரை வாங்கிப் பூட்டிக் கொடுத்தானாம். சேவல்தான் ஊடு இழந்தது. நம் காலண்டர் ஓடும் இடங்களில் அதற்கப்புறம் ஒரு கை போனதாக எனக்குச் செய்தி வரவில்லை. போகாத கையை நான் எந்த வரியில் எழுதுவது? அது உன் பட்டியலில் செலவாக மட்டும்தான் தெரியும்.

கூலியைக் குறைக்காதே என்று நான் சொல்லவில்லை கண்ணு, அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. புது லேத்து வாங்கு, கம்ப்யூட்டர் வை, வேண்டாத வேலையை வெட்டு. ஆனால் ஒரு வரியை அடிப்பதற்கு முன்னால் அது யாருடைய உடம்பில் எந்த இடம் என்று கேட்டுவிட்டு அடி. தை முதல் வெள்ளிக்கிழமை புதுக் காலண்டர் ஒன்றுக்கு ஓட்டம் பார்க்கிறோம். அதற்குள் வந்துவிடு. முதல் துணியை நீ விடு. கார்டு வீண் செலவு என்று அப்போதும் தோன்றினால் நானே கழற்றித் தருகிறேன். நோட்டுகளோடு மறுபக்கம் நான் நிற்கிறேன். நீ துணியை விட்டுக்கொண்டே எட்டி வாங்கு. அப்புறம் அதே கையில் சிவப்புப் பேனாவைப் பிடித்து அந்த இரண்டு வரிகளையும் அடி.

இவ்வளவும் எழுதி முடித்து, ஒட்டுவதற்கு முன்னால் மரியதாஸிடம் கொடுத்தேன். இன்று காலை, லேத்துகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் தாளைப் பிடித்து, மெதுவாகப் படித்தார். 'குடித்துவிட்டு' வரும் இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பழைய பெல்ட் ஒன்றைப் பெரிய ஆராய்ச்சிபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்தார். இரண்டு குறை சொன்னார், அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாரும் சிரிச்சாவன்னு எழுதியிருக்கீய. நானுந்தாம் சிரிச்சேன், முதலாளி. நோட்டப் புடிச்சிட்டேன்னு சிரிச்சேன். அத எழுதலியே."

அடுத்த குறைக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"அப்புறம் இது என்னது, கடைசில? கார்டக் கழத்தித் தாரேன், எட்டி வாங்குன்னு? மறுபடியும் வெளையாடுதீயளா? அதும் பெத்த பிள்ளை கைய வச்சு? ஒங்களுக்கு இன்னும் புத்தி வரலியே, முதலாளி."

பட்டறையே நின்று பார்த்தது. பழனிச்சாமி, "நல்லாக் கேளுங்க மேஸ்திரி," என்றார். நான் நின்ற இடத்திலேயே டிரம்முக்குள் சுற்றிய மாதிரி இருந்தது. ஆகவே, மேலே கண்ட என் வீரச் சவாலை அடித்துவிடு. உன்னிடம்தான் சிவப்பு மை இருக்கிறதே. வெள்ளிக்கிழமை கார்டு அதன் இடத்தில் இருக்கும், மரியதாஸ் இரண்டு நாள் உட்கார்ந்து பூட்டியது. முதல் துணியை விடு. துணி மறுபக்கம் விழுந்ததும் நான் சுற்றிக்கொண்டு வந்து, வெற்றிலையில் வைத்து, அவருடைய இடது கையில் கூலியைக் கொடுப்பேன். பழனிச்சாமி ஒன்றும் சொல்லமாட்டார். அதற்கப்புறம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் குறுக்குக் கம்பியைப் புறங்கையால் லேசாக ஒரு தட்டுத் தட்டிப் பார். மோட்டார் நிற்கும். உருளை நிற்கும். உன் கை உன்னிடமே இருக்கும். அந்த இரண்டு நாள் கூலி அதற்குத்தான்.

உன் அப்பன்